வலக்கை மாவு

செண்பகவல்லியின் கணுக்காலில் டாக்டர் நயினார் முகமது கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விழுந்த பள்ளம் மேலே வரவில்லை. அவள் அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடிக்கு வெளியே கடலோரச் சாலையில் இருக்கும் நீலக்கரை இறால் ஏற்றுமதி ஆலையில், அங்குள்ள பெண்கள் விடுதியிலேயே தங்கி, அவளுக்கு வேலை. இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை உருவிப் பனிக்கட்டியில் போடவேண்டும். ஊர் கோவில்பட்டி. பள்ளிக்கூடத்து ஹாக்கி அணியில் முன்வரிசையில் ஆடி மாவட்ட அணி வரைக்கும் போனவள். இப்போது ஒரு மாடி ஏறினால் உட்காரவேண்டியிருந்தது. முடி சீப்போடு வந்தது. மாதவிலக்கு நின்றே போயிருந்தது.

"ஹாஸ்டல்ல வேற யாருக்கும் இப்படி இருக்காம்மா?"

"பாதிப் பேருக்கு இருக்கு சார். நிக்க முடியாதவள ஊருக்கு அனுப்பிருதாவ. என்னையும் போகச் சொன்னாவ. நான் ஊருக்கு பஸ் ஏறாம நேரா இங்க வந்துட்டேன்."

நயினார் முகமதுவுக்கு உறுத்தியது. அதே விடுதியிலிருந்து, அதே வீக்கத்தோடு, ஏற்கெனவே இரண்டு பெண்களை அவர் பார்த்திருந்தார். இரண்டு பேரையும் நன்றாகச் சாப்பிடச் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த முறை இரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்துத் தானே கொண்டுபோய்ப் பிரிசில்லாவிடம் கொடுத்தார்.

பிரிசில்லா அவர் வேலைபார்க்கும் சிறுநீரக மருத்துவமனையின் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். முன்கோபக்காரி என்று மருத்துவமனை முழுக்கப் பெயர். முடிவுகளை எடுத்துக்கொண்டு மறுநாள் அவர் அறைக்கு வந்தாள்.

"இரத்தத்துல புரதம் பஞ்சத்துல அடிபட்டவங்களுக்கு இருக்கிற மாதிரி இருக்கு. ஆனா யூரின்ல அமினோ அமிலம் கொட்டுது டாக்டர். வெள்ளமா."

"சிறுநீரகம் பழுதாயிருக்கு. பிடிச்சு வைக்க முடியாம ஒழுக விடுது."

"அப்படின்னா சர்க்கரையும் ஒழுகணும், உப்பும் ஒழுகணும். அதெல்லாம் சரியா இருக்கு. இது ஒழுகல. உடம்பு வேணும்னே வெளியில தள்ளுது."

"சாப்பாட்டை எதுக்கு உடம்பு தள்ளும்?"

"அது சாப்பாடா இல்லாட்டி தள்ளும்."

சிறுநீரகக் கோளாறை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஓர் ஆராய்ச்சிக்காக கரைசலில் கலந்திருப்பவற்றைப் பிரித்துக் காட்டும் அவளுடைய எச்.பி.எல்.சி. எந்திரத்துக்கு விசேஷமான எஃகுக் குழாய் ஒன்றை வரவழைத்து வைத்திருந்தாள். சாதாரணக் குழாய் அமினோ அமிலங்களை வகைவகையாகப் பிரித்துக் காட்டும். ஒரே வகையின், கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு உருவங்களை அதனால் பிரிக்க முடியாது. இது பிரிக்கும். அன்று மத்தியானம் செண்பகவல்லியின் சிறுநீரைப் பக்குவம் செய்து அதில் செலுத்தினாள். திரையில் சிகரங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. எந்த இடத்தில் சிறு மேடு மட்டும் இருக்கவேண்டுமோ அங்கே மலை நின்றது. மலை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. குழாயைக் கழுவிவிட்டு மறுபடி செலுத்தினாள். மறுபடி அதேதான்.

வார்டில் செண்பகவல்லியின் கட்டிலருகே நின்று இருவருக்கும் சேர்த்துச் சொன்னாள். "அமினோ அமிலத்துக்கு ரெண்டு உருவம் உண்டு. கண்ணாடியில பாக்கிற மாதிரி. நம்ம இடது கையும் வலது கையும் ஒரே மாதிரி இருக்கு, ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தாது இல்லையா, அந்த மாதிரி. நம்ம உடம்பு முழுக்க இடக்கை. மரம், மாடு, இறால், எல்லாமே அப்படித்தான். அந்தக் குழாய்க்குள்ள ஒரு கையை மட்டும் பிடிச்சுக் குலுக்குற பொருளை அடைச்சிருக்கோம். குலுக்க முடியாதது நிக்காம ஓடிரும். குலுக்குனது தாமதமா வரும். உன் யூரின்ல வர்றதெல்லாம் வலக்கை."

செண்பகவல்லி தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ஹாக்கி மட்டை மாதிரியாக்கா?"

"அது எப்படி?"

"ஹாக்கில இடக்கை மட்டையே கிடையாது. ரூல் அப்படி. எல்லா மட்டையும் வலக்கைக்காரங்களுக்குத்தான் செஞ்சிருப்பாவ. எனக்கு இடக்கைப் பழக்கம். முதல்ல பந்து மட்டையில ஒட்டவே ஒட்டாது. பொறவு மாத்திப் பழகிட்டேன்."

"உடம்பால மாத்திப் பழக முடியாது. எவ்வளவு தின்னாலும் ஒட்டாது. சுமந்து கொண்டுபோய் வெளிய கொட்டும். கொட்டிக் கொட்டிச் சிறுநீரகம் தேயும்." பிரிசில்லா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஹாஸ்டல்ல என்ன சாப்பாடு போடுதாவ?"

"போஷகம்னு ஆலையில தர்ற சத்துமாவுதான். கஞ்சியில, தோசையில, குழம்புல, எல்லாத்துலயும் அந்த மாவுதான். முட்டையும் பருப்பும் நிறுத்திட்டாவ. எல்லாச் சத்தும் இதுலயே இருக்குன்னு போர்டே எழுதிப் போட்டிருக்கு. வயிறு நிறையும்க்கா. ஆனா சாப்பிட்டு எந்திரிச்சா கை நடுங்கும்."

மறுநாள் அவளுடைய அறைத்தோழி ஒரு பாலித்தீன் பையில் மாவு கொண்டுவந்தாள். பிரிசில்லா அதை அமிலத்தில் உடைத்துக் குழாயில் செலுத்தினாள். அதில் இருந்த புரதம் அத்தனையும் வலக்கை.

உயிரணு எதுவும் இல்லாமல் எந்திரத்திலேயே புரதம் கட்டும் ஆலைகள் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்திரத்துக்கு இடம், வலம் இரண்டும் ஒன்றுதான். அறுவைசிகிச்சை நூலுக்கும் பழங்களின் மேல் பூசும் படலத்துக்கும் வலக்கைப் புரதத்தையே கட்டினார்கள். பூஞ்சை தின்னாது, புழு தின்னாது, எந்தக் கிருமியும் தொடாது. அதற்காகவே அது வேண்டியிருந்தது. அந்த ஆலைகளின் கழிவை அமிலத்தில் உடைத்துப் பொடியாக்கினால் பார்வைக்குப் பால்பவுடர். வழக்கமான பரிசோதனையில் வைத்தால் புரதம் என்றுதான் வரும். பொய்யும் இல்லை. போஷகம் அந்தப் பொடிதான்.

பிரிசில்லா கொடுத்த புகாரின்மேல் உணவுப் பாதுகாப்புத் துறையின் விசாரணை ஒன்று நடந்தது. நீண்ட மேசையின் ஒரு பக்கம் நயினார் முகமதுவும் பிரிசில்லாவும். எதிர்ப்பக்கம் நீலக்கரை ஆலையின் ஊட்டச்சத்துப் பிரிவுத் தலைவர் ராஜ்மோகன். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையும் தாழ்ந்த குரலுமாக இருந்தார். நடுவில் விசாரணை அதிகாரி வைதேகி.

"மேடம் சொல்றது பெரிய சயின்ஸ்," என்றார் ராஜ்மோகன். "நான் மறுக்கலை. ஆனா சட்டம் என்ன கேக்குது? நூறு கிராம்ல புரதம் எவ்வளவுன்னு கேக்குது. அதைவிட அதிகமாவே இருக்கு. என்னென்ன அமினோ அமிலம்னு கேக்குது. எல்லாம் இருக்கு. இடது, வலதுன்னு சட்டத்துல எங்கயாவது ஒரு வார்த்தை இருக்கா?"

"மெழுகுல சோறு செஞ்சு தட்டுல வச்சாலும் சட்டப்படி தட்டு நிறைஞ்சுதான் இருக்கும்," என்றாள் பிரிசில்லா. "தின்னவளுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

"அந்தப் பொண்ணுங்களுக்காக நானும் வருத்தப்படறேன். ஆனா நீங்க செஞ்ச டெஸ்ட்டை இந்தப் பக்கத்துல வேற யாரும் செய்யறதில்லை. நீங்க சொல்ற வரைக்கும் இப்படி ஒண்ணு இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு எப்படிப் பொறுப்பேத்துக்கிறது?"

வைதேகி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முன்னெச்சரிக்கையாக அந்த மாவை நிறுத்தச் சொல்லலாம், குற்றம் என்று எழுதச் சட்டத்தில் இடமில்லை என்றார். அவர் குரலில் வெட்கம் இருந்தது. வெட்கத்தை வைத்துக்கொண்டு பிரிசில்லாவால் என்ன செய்யமுடியும்?

வெளியே வந்ததும் அவள் வாசல் கதவை அறைந்து சாத்தினாள். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

"கோபப்பட்டு என்னம்மா ஆகப்போகுது?" என்றார் நயினார் முகமது.

"நீங்க படலையா?"

அவர் கார் வரைக்கும் நடந்தார். உள்ளே உட்கார்ந்து கார்க் கதவை அவளைவிடப் பலமாக அறைந்து சாத்தினார்.

மாவை நிறுத்தியபின் விடுதியில் பல பெண்களுக்கு வீக்கம் வடியத் தொடங்கியது. செண்பகவல்லிக்கு வடியவில்லை. மாவு வந்த நாளிலிருந்தே ஒரு வேளை விடாமல் அதைத் தின்றவள் அவள். முட்டையும் மீனும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் அதைச் சுமக்கும் நிலையைத் தாண்டியிருந்தது. டயாலிசிஸ் தொடங்கவேண்டும் என்று நயினார் முகமது சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தனை மாசம் சார்?"

"மாசக்கணக்கு இல்லம்மா," என்றார் அவர்.

அவள் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாவுச் சோதனைகளால் பிரிசில்லாவின் குழாய் தேய்ந்துபோயிருந்தது. புதியதை மாட்டச் சென்னையிலிருந்து சுந்தரேசன் என்ற சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். மதுரைக்குத் தெற்கே இந்த வகை எந்திரங்களை எல்லாம் பார்த்துக்கொள்பவர் அவர். மரையை முறுக்கியபடியே பேச்சுக் கொடுத்தார்.

"இந்த ஊர்ல இந்தக் குழாய்க்கு நல்ல ஓட்டம் மேடம். உங்களது ரெண்டாவது."

"முதல் குழாய் எங்க இருக்கு?"

"உங்களுக்குத் தெரியாதா? இறால் தீவன லேப்ல. நீலக்கரைக்காரங்க. போன வருஷமே அவசரம் அவசரமா ஃபிளைட்ல வரவழைச்சாங்க. நான்தான் வந்து மாட்டிட்டுப் போனேன்."

பிரிசில்லா கையிலிருந்த குடுவையை மெதுவாக மேசையில் வைத்தாள். சுந்தரேசன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா மேடம்?" என்றார்.

"இல்ல. சரியாத்தான் சொன்னீங்க."

அந்தத் தீவன ஆய்வுக்கூடத்தின் வேதியியலாளரை அவளுக்குத் தெரியும். சுடலைமணி. கல்லூரியில் அவளுக்கு இரண்டு வகுப்பு இளையவன்; அவளிடம் பாடக்குறிப்பு வாங்கிப் படித்தவன். அவனைத் தேடிப் போனாள். இறால் குட்டைகளின் கரையில் தகரக் கூரை போட்ட கட்டடம். காற்றில் உப்பும் தீவன நெடியும் கலந்திருந்தன. அவளைக் கண்டதும் அவன் சிரித்தான். அவள் கண்கள் எந்திரத்தில் மாட்டியிருந்த குழாய்க்குப் போனதும் சிரிப்பு நின்றது.

"எதுக்குடா வாங்குனிய இத?"

"உக்காருங்கக்கா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. "இறால் வளரலக்கா. தீவனத்துல புதுசா ஒரு பவுடர் சேத்தாவ. தின்னுச்சு, தின்னுக்கிட்டே இருந்துச்சு, ஆனா எடை ஏறல. ஓடு பஞ்சு மாதிரி ஆயிட்டு. ரெண்டு குட்டை அப்படியே செத்து மிதந்துச்சு. முதலாளி ஆடிட்டாரு. காரணத்தக் கண்டுபிடிக்காம வீட்டுக்குப் போகாதேன்னாரு. நான்தான் கடைசியில வலக்கையா இருக்குமோன்னு சந்தேகப்பட்டு இந்தக் குழாயக் கேட்டேன். மறுபேச்சுப் பேசாம வாங்கித் தந்தாவ."

"பார்த்த. வலக்கைன்னு தெரிஞ்சுது. பொறவு?"

"தீவனத்துக்கு ஆகாதுன்னு எழுதிக் கொடுத்தேன். ராஜ்மோகன் சார் வந்து மிச்சச் சரக்கு மொத்தத்தையும் லாரியில ஏத்திட்டுப் போனாரு."

"எங்க?"

அவன் மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினான்.

"எங்கடா ஏத்திட்டுப் போனாரு?"

"நான் கேக்கலக்கா."

"இறாலுக்கு ஆகாததுன்னு கண்டுபிடிச்ச அறிவுக்கு, இவ்வளவு சரக்கையும் எங்க கொட்டப்போறாவன்னு கேக்கத் தோணலையா? ஹாஸ்டல் இங்கயிருந்து கூப்பிடு தூரத்துல இருக்கு. தினமும் அந்தப் பிள்ளைகள் வீங்குன காலோட உன் வாசல் வழியாத்தான் ஷிப்டுக்குப் போகுதுக."

"கேட்டா என்னக்கா செஞ்சிருப்பாவ? என் வேலை போயிருக்கும், மாவு போயிருக்காது."

"ஒருத்திக்கு ரெண்டு சிறுநீரகமும் போச்சு. இருபது வயசு. ஹாக்கி ஆடுறவ." அவள் குரல் உடைந்தது, உடைந்ததற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது. "நான் உனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேனே. அதுக்காவது வந்து சொல்லு."

சுடலைமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அவள் கிளம்பி வண்டியை எடுக்கும்போது பின்னாலேயே வந்து, "விசாரணை மறுபடி நடக்குமா?" என்று கேட்டான்.

நடந்தது. வைதேகியே முயற்சி எடுத்துத் திறந்தார். இந்த முறை செண்பகவல்லியும் வருவேன் என்றாள். டயாலிசிஸ் ஊசி குத்திய கையில் பஞ்சு ஒட்டியிருக்க, அறைத்தோழியின் தோளைப் பிடித்தபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விடுதிப் பெண்கள் வராந்தாவில் நின்றார்கள். கதவைச் சாத்தச் சொன்ன ஊழியரிடம், திறந்தே இருக்கட்டும் என்றார் வைதேகி.

சுடலைமணி தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். ராஜ்மோகன் குறுக்கிடவில்லை. முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இறால் வேற, மனுஷன் வேற மேடம். அதுக்குச் செரிக்கலைன்னா மனுஷனுக்கும் செரிக்காதுன்னு எந்த ஆராய்ச்சியும் சொல்லலை. மனித உணவுக்கான சான்றிதழ் எங்ககிட்ட இருந்தது. நல்ல சரக்கை வீணாக்க வேண்டாம்னு ஹாஸ்டலுக்குக் கொடுத்தோம். உள்நோக்கம் எதுவும் கிடையாது."

பிரிசில்லா எழுந்தாள். என்ன சொல்ல எழுந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. நயினார் முகமது அவள் கையைத் தொட்டார். அதற்குள் செண்பகவல்லி பேச ஆரம்பித்திருந்தாள். குரல் எழும்பவில்லை. எல்லாரும் காதைத் தீட்டிக்கொள்ளவேண்டியிருந்தது.

"சார், ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா." ராஜ்மோகன் அவள் பக்கம் கனிவாகத் திரும்பினார்.

"இறாலுக்கு அந்தத் தீவனம் ஒத்துக்கலைன்னு தெரிஞ்சுதுல்லா. பொறவு என்ன போட்டிய?"

"பழையபடி மீன்தூளும் சோயாவும். நல்ல தரமான தீவனம்மா. அதுல நாங்க ஒரு குறையும் வைக்கறதில்லை."

"எப்ப மாத்துனிய?"

ராஜ்மோகனுக்குப் பிடித்தமான விஷயம் அது. கண்காட்சிகளிலும் வெளிநாட்டு வியாபாரிகளிடமும் பலமுறை சொல்லியிருக்கக்கூடும். முதுகு நிமிர்ந்தது.

"ரிசல்ட் வந்த அன்னைக்கே," என்றார்.

சொன்னது என்ன என்று அவருக்கே புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வைதேகி அதை எழுதி, அடிக்கோடிட்டு, அவரையே கையெழுத்துப் போடச் சொன்னார். வராந்தாவில் நின்ற ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் அதைச் சொல்ல, அவள் அடுத்தவளிடம் சொல்ல, அந்தச் சொல் படியிறங்கித் தெரு வரைக்கும் போனது.

ராஜ்மோகனைக் கைது செய்தார்கள். முதலாளி வெளிநாட்டில் இருந்தார். அங்கிருந்தபடியே முன்ஜாமீன் வாங்கினார். உணவுச் சட்டத்தில் புரதம் என்ற சொல்லுக்கு முன்னால் இடக்கை என்ற சொல்லைச் சேர்க்க ஒரு குழு அமைத்தார்கள். அது இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. சுடலைமணிக்கு அவன் பயந்தபடியே வேலை போயிற்று. பிரிசில்லா அவனைத் தன் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டாள். ஆனால் அவனோடு சிரித்துப் பேச அவளால் முடியவில்லை.

பெண்கள் குழுவுக்காகக் காத்திருக்கவில்லை. விசாரணைக்கு மறுநாள் காலை ஷிப்டுக்கு மணி அடித்தபோது எல்லாரும் வரிசையில் வந்து மேசைகளின் முன்னால் நின்றார்கள். இறால் வந்து குவிந்தது. ஒருத்தியும் கையுறையை மாட்டவில்லை. மேற்பார்வையாளர் கத்தினார், கெஞ்சினார், யாருக்கோ போன் போட்டார். பனிக்கட்டி உருகித் தரையில் ஓடியது. மத்தியானத்துக்குள் நெடி கடலோரச் சாலைவரை வந்தது. அந்தப் பருவத்தின் கப்பல் இறால் இல்லாமலே கிளம்பியது. விடுதியில் தங்கிய எல்லாருக்கும், ஊருக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும், ஆயுள் முழுக்க மருத்துவச் செலவை ஆலையே ஏற்பதாக நிர்வாகம் எழுதிக் கொடுத்த பிறகுதான் முதல் கை இறாலைத் தொட்டது.

செண்பகவல்லி இப்போதும் டயாலிசிஸுக்கு வருகிறாள். வரும்போதெல்லாம் ஆலையைத் தாண்டித்தான் பஸ் வரவேண்டும். சாலையைப் பார்த்த நீண்ட மதில்சுவரில் ஆள் உயரத்துக்கு நீல பெயிண்டில் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறது: அன்னைக்கே. நிர்வாகம் வெள்ளையடித்து அழிக்கும். சுண்ணாம்பு காய்ந்ததும் அது திரும்ப வந்துவிடும். வெளியூர்க்காரர்கள் யாராவது அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், பஸ்ஸில் இருக்கும் பெண்கள் உடனே பதில் சொல்லமாட்டார்கள். உட்கார இடம் கொடுத்து, இறாலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.